‘சமாளிச்சுக்கிறோம்’ என்று கவுன்சிலிடம் சொல்லிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு உடம்போ மனசோ சரியில்லாமல் வாரக்கணக்கில் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏற்பாடு செய்யவேண்டியது உங்கள் கவுன்சில், அதாவது உங்கள் ஊர் உள்ளாட்சி நிர்வாகம். இது எனக்குத் தெரியவர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் என் மகளுக்கு ஒரு டேர்முக்கு (பள்ளிப் பருவத்துக்கு) மேல் படிப்பு போய்விட்டது. எந்தக் கவுன்சில் என்று சொல்லப்போவதில்லை. வேறு ஊர்க்காரர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

2024 செப்டம்பரில் மகள் இயர் 8 (12, 13 வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) தொடங்கினாள். இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் வயிற்றுவலி, வாந்தி. யூனிஃபார்மைப் பார்த்தாலே கை நடுங்கும். அக்டோபரில் அறையை விட்டு வெளியே வருவதே நின்றுபோனது. ஜிபி, அதாவது எங்கள் குடும்ப மருத்துவர், பார்த்துவிட்டு, பதற்றம்தான் காரணம் என்று கடிதம் கொடுத்து, காம்ஸ் என்கிற பிள்ளைகள் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பள்ளி ஜிபி கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்பெஷலிஸ்ட் கடிதம் வேண்டும் என்றது. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவே பல மாதம் ஆகும்போது கடிதத்துக்கு எங்கே போவது? அதற்குள் வருகைப் பதிவு குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. அபராதம் 80 பவுண்ட், 21 நாளில் கட்டாவிட்டால் 160, அதுவும் அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. அன்று இரவு நானும் மனைவியும் சாப்பிடவில்லை.

கவுன்சிலிலிருந்து வருகைப் பிரிவுப் பெண் ஒருவர் போன் செய்தார். மிக இனிமையான குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்கள் மகள் பள்ளியின் பட்டியலில் இருக்கிறாள், அதனால் பொறுப்பு பள்ளியுடையது” என்றார். பள்ளியைக் கேட்டால், வீட்டுக்கு ஆசிரியரை அனுப்ப எங்களிடம் நிதி இல்லை, கவுன்சிலைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் அந்தப் பெண்ணிடமிருந்து கிடைத்தது ஒரு இணையதள லிங்க். முன்பே பதிவு செய்த பாட வீடியோக்கள். கேள்வி கேட்க ஆளில்லை, திருத்த ஆளில்லை. மகள் மூன்று நாள் பார்த்தாள், அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

நான் ஏன் அப்போதே சண்டை போடவில்லை? இரண்டு காரணம். ஒன்று விசா. எங்கள் விசாவில் அரசு நிதியுதவி பெறக்கூடாது என்று இருக்கிறது. கவுன்சிலிடம் எதையாவது அழுத்திக் கேட்டால் நாளைக்கு விசா நீட்டிப்பில் வில்லங்கம் வருமோ என்று பயந்தேன். வீண் பயம். அந்தத் தடை உதவித்தொகை, கவுன்சில் வீடு போன்றவற்றுக்கு. பிள்ளைகளின் அரசுப் பள்ளிக் கல்வி அதில் சேராது.

இரண்டாவது காரணம் நம்முடைய வாய். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும், “எப்படிப் போகிறது, சமாளிக்கிறீர்களா?” என்பார். நானும் மரியாதைக்கு, பரவாயில்லை, சமாளிச்சுக்கிறோம், ரொம்ப நன்றி என்பேன். வேறு என்ன சொல்வது, முன்பின் தெரியாத ஆளிடம்? பின்னாளில் எங்களைப் பற்றிக் கவுன்சில் வைத்திருந்த பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். (யாரும் கேட்கலாம், இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும்.) அதில் மூன்று இடத்தில் ஒரே வாசகம்: குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது, கல்வி ஏற்பாடு எதுவும் கோரவில்லை. என் மரியாதையையே எனக்கு எதிரான சாட்சியாக எழுதி வைத்திருந்தார்கள். அவர் லிங்க் அனுப்பியது இருந்தது. நான் நான்கு முறை ஆசிரியர் வேண்டும் என்று போனில் கேட்டது எங்கேயும் இல்லை.

பிப்ரவரியில்தான் பெரிய கண்ணி வந்தது. அதே இனிமையான குரல், ஒரு யோசனை சொன்னது. பள்ளி என்றாலே மகளுக்குப் பதற்றம் என்றால், நீங்கள் ஏன் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, வீட்டிலேயே படிக்கவைக்கும் ஹோம் எஜுகேஷன் எடுத்துக்கொள்ளக்கூடாது? பள்ளிக்கு ஒரு கடிதம் போதும். அபராதக் கவலை கிடையாது, அழுத்தம் கிடையாது. கடிதத்தின் மாதிரியையும் பள்ளியே அனுப்பி வைத்தது. எங்களுக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் கோயிலில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவைப் பார்த்தோம். அவருடைய மகனுக்கும் சில வருடம் முன்பு இதே கதை. மனைவி கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உந்தக் கடிதத்தை மட்டும் குடுத்துப்போடாதேங்கோ. குடுத்தியளெண்டா கவுன்சில் கையைக் கழுவிப்போட்டுப் போயிடும். பிறகு எல்லாச் செலவும் உங்கடை தலையிலைதான்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. பெற்றோர் தாமாகப் பெயரை எடுத்துவிட்டால் படிப்பு முழுவதும் பெற்றோர் பொறுப்பு, டியூட்டர், தேர்வுக் கட்டணம் உட்பட. பிறகு மனம் மாறினால் அதே பள்ளியில் இடம் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஹோம் எஜுகேஷனை நான் குறை சொல்லவில்லை, விரும்பித் தேர்ந்தெடுத்து அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதற்குள் தள்ளப்பட்டோம்.

கவுன்சிலின் கடமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் அக்காவே எனக்குச் சொன்னார்: 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 19ஆம் பிரிவு. நோய், பள்ளியிலிருந்து நீக்கம் அல்லது வேறு காரணத்தால் படிப்பு கிடைக்காமல் போகக்கூடிய பிள்ளைக்கு, பொருத்தமான கல்வியைக் கவுன்சில் ஏற்பாடு செய்யவேண்டும். பள்ளிப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் அந்தக் கடமை போய்விடாது. உடல்நலக் காரணம் என்றால், 15 பள்ளி நாள் அல்லது அதற்கு மேல் வரமுடியாது என்று தெரிந்ததுமே ஏற்பாடு தொடங்கவேண்டும் என்கிறது அரசின் வழிகாட்டுதல். அந்த 15 நாள் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஸ்பெஷலிஸ்ட் கடிதம் உடனே கிடைக்காவிட்டால் ஜிபி கடிதம் போன்ற மற்ற ஆதாரங்களைப் பார்க்கவேண்டும். ஆன்லைன் பாடம் துணைக்கு இருக்கலாம், அதுவே எல்லாமும் ஆகிவிடக்கூடாது. எல்லாம் அரசின் சொந்த இணையதளத்திலேயே கிடக்கிறது. என்னோடு பேசிய யாரும் சொல்லவில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீளமாக இல்லை. மகள் இத்தனை பள்ளி நாளாக வீட்டில் இருக்கிறாள், ஜிபி கடிதம் இணைத்திருக்கிறேன், 19ஆம் பிரிவின்படி எந்தத் தேதியிலிருந்து வாரம் எத்தனை மணி நேரம் கல்வி தருவீர்கள், தரமாட்டீர்கள் என்றால் காரணத்தை எழுத்தில் சொல்லுங்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து போன் வந்தால், பேசி முடித்ததும் “இன்று நீங்கள் சொன்னது இது” என்று பதில் மின்னஞ்சல் போட்டேன். குரலில் இனிமை கொஞ்சம் குறைந்தது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து டியூட்டர் வந்தார், முதலில் வாரம் ஐந்து மணி நேரம், பிறகு பத்து.

படிப்பு இல்லாமல் போன மாதங்களுக்காகக் கவுன்சிலிடம் புகார் கொடுத்தேன். கவுன்சிலின் முதல் கட்டப் பதில், தவறு எதுவும் இல்லை. இரண்டாம் கட்டப் பதில் அதையே வேறு சொற்களில் சொன்னது. இங்கேதான் பலர் களைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் உள்ளாட்சிக்கான ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிப்பவர். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. பொதுவாக, பிரச்சினை உங்களுக்குத் தெரியவந்த 12 மாதத்துக்குள் போகவேண்டும், அதுவும் கவுன்சிலின் கட்டங்களை முடித்த பிறகு. பள்ளிக்குள் நடந்ததை அவர் விசாரிப்பதில்லை, அதனால் புகாரைப் பள்ளி மீது எழுதாமல் கவுன்சில் மீது எழுதுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வித் திட்டம் தொடர்பாக டிரிப்யூனலில் (தீர்ப்பாயத்தில்) மேல்முறையீடு செய்திருந்தால், அதோடு பிணைந்த விஷயங்களையும் அவர் தொடமுடியாது. எதை எங்கே கொண்டுபோவது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்ஸீ என்ற அறக்கட்டளை இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறது. (இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டமும் வேறு, ஆம்புட்ஸ்மனும் வேறு.)

எங்கள் புகாரில் தவறு கவுன்சிலுடையது என்று ஆம்புட்ஸ்மன் முடிவு சொன்னார். “சமாளிக்கிறார்கள்” என்ற அந்தக் குறிப்பைக் காட்டித்தான் கவுன்சில் வாதாடியது. பெற்றோர் கேட்கிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல இந்தக் கடமை என்று ஆம்புட்ஸ்மனிடமிருந்து பதில் வந்தது. கவுன்சிலிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தது, நாலு வரி. படிப்பு இழப்புக்கு டேர்ம் ஒன்றுக்கு 900 முதல் 2,400 பவுண்ட் வரை என்பது ஆம்புட்ஸ்மனின் பொது வரையறை. எங்களுக்கு இரண்டு டேர்முக்கும் சேர்த்து 2,600, அலைக்கழித்ததற்கு 200.

மகள் இப்போது வாரம் நான்கு காலை ஒரு சிறிய கல்வி யூனிட்டுக்குப் போகிறாள். அந்தப் பணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கணக்கு டியூட்டர் வருகிறார். இயர் 8 அல்ஜீப்ரா இன்னும் முடியவில்லை.