மின்வெட்டுக்கு எது: ஒன்-கிரிட் சோலாரா, ஹைபிரிட்டா?

2022இல் இலங்கையில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, கூரையில் ஒன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல், பொது மின் லைனோடு மட்டும் இணைந்தது) இருந்த வீடுகளும் பட்டப்பகலில் கரண்ட் இல்லாமல்தான் கிடந்தன. லைன் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். சோலார் கரண்ட் லைனுக்குள் போகாமல், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கான பாதுகாப்பு அது.

செலவு: ஒன்-கிரிட் மலிவு. ஹைபிரிட் என்றால் லைனோடு பேட்டரியும் சேர்ந்தது; அந்தப் பேட்டரி விலைதான் கையைக் கடிக்கும்.

பராமரிப்பு: ஒன்-கிரிட்டுக்குப் பேனலைத் துடைத்தால் போதும். ஹைபிரிட்டில் பேட்டரியைக் கவனிக்கணும். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி என்றால் ஏட்டில் 1,800 வாட்-மணி. சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 900தான் கணக்கு. 180 வாட் லோடுக்கு, இழப்பு போக நாலு மணிநேரம் சொச்சம். டிஸ்டில்ட் வாட்டர் வற்றிப் பிளேட் வெளியே தெரிந்தால் பேட்டரி சீக்கிரம் கெடும். லித்தியத்துக்குத் தண்ணீர் வேண்டாம், 80 சதவீதம்வரை இறக்கலாம், விலை கூட.

பில் மட்டும் குறையணுமா, ஒன்-கிரிட். மின்வெட்டிலும் விளக்கு எரியணுமா, ஹைபிரிட். ஹைபிரிட் என்றால், விளக்கு, ஃபேன், ரவுட்டரை மட்டும் தனி லைனில் பிரித்துப் பேட்டரியில் ஓடக் கொடுங்கள்.