கோட்டை மானா, குளத்து யானையா, கடல் திமிங்கிலமா: திருகோணமலையில் ஓர் ஆய்வு மாணவிக்கு எது பொருந்தும்?

நரம்பியல் அறிவியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டே வனவிலங்குப் படங்களும் எடுக்க விரும்புகிறவருக்குத் திருகோணமலையைப்போல் வாய்ப்பான ஊர்கள் குறைவு. ஆனால், ஆய்வுகூட வேலையை முடித்துவிட்டு, மூளை அலைப் பதிவுகளை அலசவும் ஆய்வேட்டை எழுதவும் ஊருக்கு வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பணத்தைவிட நேரமே பெரிய தட்டுப்பாடு. கண் இமைப்பும் தாடை அசைவும் பதிவுக்குள் புகுத்திய குறுக்கீடுகளை இனங்கண்டு நீக்குவதிலேயே வாரக்கணக்கு கரைந்துவிடும். மேற்பார்வையாளர் ஒரு வரைபடத்தைத் திருத்தித் தரச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போய்விடும். ஆகவே, எங்கே அழகான படம் கிடைக்கும் என்பதற்கு முன், எங்கே திரும்பத் திரும்பப் போக முடியும் என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

பெரும்பாலானோர் முதலில் சொல்வது யானை. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மின்னேரியாக் குளம் வற்றி, குளத்தடியில் புது இளம்புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுவது உலகறிந்த காட்சி. மூளையைப் படிக்கிறவருக்கு யானை தனி ஈர்ப்பும் உடையது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஆபிரிக்க யானையொன்றின் மூளையில் ஏறக்குறைய 25,700 கோடி நரம்பணுக்களை எண்ணியது. மனித மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி. யானையின் நரம்பணுக்களில் நூற்றுக்கு 97க்கு மேற்பட்டவை சிறுமூளையில் இருந்தன. தும்பிக்கையின் நுட்பமான அசைவுக்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்ற கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு யானை புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, மண் போக உதறி வாயில் வைப்பதைப் பார்த்தால், எந்தக் கணத்தில் கமராவை அழுத்த வேண்டும் என்பதே வேறாகத் தெரியும்.

இருந்தும், யானை எனக்குத் தொடர்ந்து கைகொடுப்பதில்லை. கந்தளாய் வழியாக ஹபரணைக்கே 80 கிலோமீற்றருக்கு மேல். அதன்பின் ஜீப் வாடகை, நுழைவுக் கட்டணம், பிற்பகல் வெளிச்சத்துக்கான காத்திருப்பு என்று முழுநாள் போய்விடுகிறது. காட்சிக்கும் உத்தரவாதம் இல்லை. மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வந்து வறட்சியிலும் மின்னேரியாக் குளம் நிறைந்திருந்த ஆண்டுகளில், மேய்ச்சல் நிலம் மூழ்கி யானைக்கூட்டம் குறைந்தது. அருகிலுள்ள கவுடுல்ல தேசியப் பூங்காவுக்குப் போகலாம்தான். அங்கும் ஜீப்புகள் ஒன்றையொன்று முந்தி யானைகளைச் சூழும் நாளில் படமெடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கடலின் கதை வேறு. திருகோணமலைத் துறைமுக வாயிலை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால், நீலத்திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் கரைக்கு மிக அருகில் வருகின்றன. உயிரினங்களிலேயே மிகப் பெரிய மூளை, ஏறக்குறைய எட்டுக் கிலோ எடையுடையது, ஸ்பேர்ம் திமிங்கிலத்தினுடையது. சுழல் டொல்பின்களும் இக்கடலில் உண்டு. தூக்கத்தைப் படிப்பவர்களுக்கு டொல்பின் ஒரு வியப்பு: அதன் மூளையில் ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கும் என்பது மூளை அலைப் பதிவிலேயே நிறுவப்பட்டது. ஆனால் படகில் நின்று எடுக்கும் படங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஒரு முதுகும் ஒரு மூச்சுத் தூவலுமே. அந்த விலங்கு என்ன செய்கிறது என்பது தண்ணீருக்கடியில் நடந்துவிடுகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலுக்குப் போகும் பேச்சே இல்லை. புறாமலைத் தீவின் கறுப்புமுனைச் சுறாக்களையும் ஆமைகளையும் எடுக்க நீர்புகா உறை வேண்டும், நீச்சலும் வேண்டும். அது தனிக் கலை. இந்த ஒப்பீட்டில் நான் அதைச் சேர்க்கவில்லை.

எஞ்சியிருப்பது நாம் கண்டும் காணாமல் கடந்துபோகும் புள்ளிமான். பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், ஆலமர நிழலில் அவை படுத்து அசைபோடுகின்றன. அவற்றை மட்டமாக நினைப்பவர்கள் ஓர் ஆண் புள்ளிமானின் கொம்பை நெருங்கிப் பார்க்க வேண்டும். நம் காலநிலையில் இந்த இனத்துக்குக் கண்டிப்பான இனப்பெருக்கப் பருவம் இல்லாததால், ஒரே மந்தையில் ஒன்றுக்குக் கொம்பு விழுந்திருக்கும்; இன்னொன்றுக்கு மென்மயிர்த் தோல் போர்த்த கொம்பு தளிர்த்திருக்கும்; மூன்றாவது, உரிந்து தொங்கும் தோல் நாரை மரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கும், அதன் அடியில் இரத்தம் படிந்த எலும்பு தெரியும். அந்தத் தோலுக்குள் முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பிலிருந்து கிளைத்த உணர்நரம்புகள் ஒவ்வொரு கொம்போடும் புதிதாக வளர்கின்றன. மனிதரில் அறுந்த புறநரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் மீள வளரும். பெரிய மானினங்களின் கொம்பிலோ நரம்பு நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். நரம்பு மீளுருவாக்கத்தைப் பாடத்தில் படித்த எனக்கு, அது கோயில் வழியில் அசைபோட்டுக்கொண்டு நிற்பதைக் காண்பதைவிடப் பெரிய பேறு எதுவும் இல்லை.

மேலும், ஒவ்வொரு மானின் புள்ளி வரிசையும் தனித்தனி. காதுக் கிழிசலையும் விலாப் புள்ளிகளையும் குறித்து வைத்தால், அதே விலங்கை அடுத்த மாதமும் அடையாளம் காணலாம்; எது எதற்கு வழிவிடுகிறது, எந்தத் தாய் குட்டியை எங்கே மறைக்கிறது என்று படங்களே தொடர்ச்சியாகச் சொல்லத் தொடங்கும். ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல் அதே நிலையை மீண்டும் மீண்டும் பதிவுசெய்வது எங்கள் துறையின் அடிப்படை. இங்குள்ள மூன்றில் அதற்கு இடங்கொடுப்பது மான் மட்டுமே.

ஊருக்குள் திரியும் மான் எப்படி வனவிலங்காகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. மனிதரைக் கண்டு ஓடாத மானின் நடத்தை காட்டு மானின் நடத்தை அல்ல. ஆனால் அதனாலேயே அவற்றின் வாழ்க்கை பதிவாக வேண்டும் என்கிறேன். கடற்கரையில் சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீனை அவை தின்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். பின்னணியில் முச்சக்கர வண்டியும் குப்பையும் வராமல் படச்சட்டத்தை இறுக்கி எடுக்கும் படம் அழகாக இருக்கலாம், உண்மையாக இராது. வாழைப்பழம் நீட்டி அருகே அழைத்து எடுப்பதும் வேண்டாம். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால், அவர்களின் கட்டடங்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாமல் இருப்பதும் நல்லது.

என் தெரிவு இதுதான்: ஆண்டு முழுவதும் மான், மின்னேரியாவில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு ஒருமுறை யானை. திமிங்கிலத்துக்குப் படகே வேண்டாம். மார்ச், ஏப்ரலில் கடல் தெளிந்திருக்கும் காலையில் மானைப் பார்த்துவிட்டு அப்படியே கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை உச்சிக்கு ஏறினால், தூரத்தில் மூச்சுத் தூவல் எழுவதைக் கரையிலிருந்தே காணலாம். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் 100–400 மில்லிமீற்றர் வகையை வாங்குங்கள். மானுக்கும் யானைக்கும் அது தாராளமாகப் போதும், திமிங்கிலத்துக்கு மட்டும் எட்டாது.