தெலுக் ஆயர் ஃபுக் தக் சி: கட்டடம் இருக்கிறது, பத்தி வாசனைதான் இல்லை

தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன சனிக்கிழமை சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனேன். முதலில் நுழைந்தது ஃபுக் தக் சி. 1824-இல் ஹக்கா, கன்டனீஸ் சீனர்கள் எழுப்பிய கோயில். அப்போது இந்தத் தெருவை ஒட்டியே கடல், கப்பலை விட்டு இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு துவா பெக் கோங் சாமிக்குப் பத்தி ஏற்றிவிட்டுத்தான் வேலை தேடிப் போவார்கள். 1990களில் வழிபாடு நின்று, சுற்றியிருந்த கடைவீடுகளோடு சேர்த்துப் புதுப்பித்து, 1998-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அப்புறம் பின்னால் ஒரு ஹோட்டலும் வந்துவிட்டது, அதற்குப் போகும் வழியும் கோயிலுக்குள்தான்.

அம்மா வழக்கம்போல வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "வேண்டாம்மா, இது இப்ப மியூசியம்" என்றேன். "கோயில்னுதானேடா சொன்னே" என்று வெறுங்காலோடு உள்ளே வந்தார். வந்தவர் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பத்தி வாசனைகூட இல்லையே" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பயணி பெட்டியை உருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அதுதான் வழி, ஆனாலும் அந்தச் சக்கரச் சத்தம் எனக்கு என்னவோ செய்தது.

சரி, பார்க்க ஒன்றுமில்லையா என்றால், நிறைய இருக்கிறது. அந்தக் காலத்துத் தெலுக் ஆயர் தெருவைக் குட்டிக் குட்டிப் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள், அதன் முன்னால் குனிந்து நின்ற அம்மாவைக் கிளப்பவே முடியவில்லை. கட்டணம் இல்லை. இத்தனை அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே இடிக்காமல் விட்டதே பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் தியான் ஹோக் கெங் இருக்கிறது. 1842-இல் ஹொக்கியன் சீனர்கள் கட்டி முடித்த மாசு அம்மன் கோயில், அவள் கடலில் போகிறவர்களைக் காப்பவள். அங்கேயும் 1998-இல்தான் திருப்பணி தொடங்கியது, 2001-இல் யுனெஸ்கோ பாராட்டும் கிடைத்தது. சுற்றுலாக் கூட்டம் அங்கேயும் குறைவில்லை, ஆனால் சாமி சாமியாகவே இருக்கிறது. கேமராக்களுக்கு நடுவில் ஒரு பாட்டி கண்ணை மூடிப் பத்தியை நெற்றிக்கு உயர்த்தி நின்றார், யாரும் அவரை இடிக்கவில்லை. ஃபுக் தக் சியிலும் இப்படி ஒரு மூலையாவது விட்டிருக்கலாமே என்றுதான் என் ஆதங்கம். பக்கத்திலேயே, 1830-இல், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் சூலியா முஸ்லிம்கள் கட்டி முடித்த நாகூர் தர்காவும் 2011 முதல் மரபுடைமை நிலையம்தான், அதனால் இந்த வலி நமக்கும் புதிதில்லை.

போகிறவர்கள் முதலில் ஃபுக் தக் சி, பிறகு தியான் ஹோக் கெங் என்று போங்கள். இரண்டாவதில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள், கூரையைத் தாங்குவதுபோல இந்தியச் சாயலில் மரச்சிற்பங்கள் இருக்கும். கோயில் கட்ட சூலியா தெரு இந்தியர்கள் கைகொடுத்த நினைவாக வைத்தது என்பார்கள். அம்மா அங்கே செருப்பில்லாமல் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றார்.