டிராப்லெட் டிஜிட்டல் பிசிஆர்: ஐந்து வருடம் கையாண்ட பிறகு

பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் முறை. அதை ஆயிரக்கணக்கான நுண்துளிகளில் தனித்தனியாகச் செய்து எண்ணும் இந்த இயந்திரம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் தேடுவது சாம்பிளில் எவ்வளவு இருக்கும்?

நிறைய இருக்குமென்றால் வேண்டாம். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வழக்கமான வைரல் லோடுக்கு, டிஎன்ஏ பெருகும்போதே ஒளியை அளக்கும் ரியல் டைம் பிசிஆர் போதும். இதில், தேடும் டிஎன்ஏவின் பிரதிகள் அளவுக்கு மீறினால் எல்லாத் துளிகளும் பாசிட்டிவ் ஆகிவிடும், எண்ண முடியாது. நீர்க்க வைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

அரிதானதைத் தேடும்போதுதான் இதன் அருமை தெரியும். ஜெஃபிடினிப் மாத்திரை சாப்பிட்டுவந்த நுரையீரல் புற்றுநோயாளிக்கு நோய் மீண்டும் தலைதூக்கினால், ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம், அந்த மருந்துக்கு அடங்காத டி790எம் என்ற மரபணு மாற்றம். அது தெரிந்தால் ஓசிமெர்டினிப் என்ற மருந்துக்கு மாற்றலாம். இன்னொரு பயாப்சியை உடம்பு தாங்காதவர்களுக்கு ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவிலேயே தேடுகிறோம். 20 மைக்ரோலிட்டர் கலவை சுமார் 20,000 துளிகளாகப் பிரியும். ஒவ்வொரு துளிக்குள்ளும் தனி பிசிஆர். ஒளிர்ந்தது எத்தனை, ஒளிராதது எத்தனை என்று எண்ணி பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். அளவு தெரிந்த சாம்பிள்களை ஓட்டி ஒப்பிடும் ஸ்டாண்டர்ட் கர்வ் வேண்டாம்.

ஒருநாள் ஒரு அம்மாவின் சாம்பிளில், மூன்று வெல்லையும் (பிளேட்டின் குழிகளையும்) சேர்த்து ஏழே ஏழு நீலப் புள்ளிகள், அதாவது மாற்றம் உள்ள துளிகள். அந்த மாற்றமே இல்லாத நெகட்டிவ் கண்ட்ரோலில் ஒன்றுகூட இல்லை. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் எழுதும்போது கை நடுங்கியது. ரியல் டைமில் அந்த ஏழும் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

கஷ்டமான இடம், துளிகளை, அவை உருவாகும் கார்ட்ரிட்ஜிலிருந்து பிளேட்டுக்கு மாற்றுவது. பிப்பெட்டைச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலை ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டால் துளிகள் உடையும். துளிகள் 10,000-க்குக் கீழே போன வெல்லை நாங்கள் ஏற்பதில்லை. பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே தூறல் மாதிரி சிதறிக் கிடப்பவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதும் பழகப் பழகத்தான் பிடிபடும். இரண்டையும் பிரிக்கும் கோடான த்ரெஷோல்டை ஆளாளுக்கு நகர்த்த விடாதீர்கள்.

இயந்திரத்தைவிட என்னை அதிகம் வாட்டியது ரத்தக் குழாய். ரத்தம் உறையாமல் தடுக்கும் சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்ததிலிருந்து, சில மணி நேரத்துக்குள் அணுக்கள் நீங்கிய பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். ஒரு சேகரிப்பு மையம் இரவு முழுக்க வைத்திருந்து அனுப்பியது. வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் மாற்றமில்லாத டிஎன்ஏ வெள்ளமாகக் கலந்துவிட்டது; தேடும் அரிய மாற்றம் அதில் மூழ்கிவிடும். அதில் ‘இல்லை’ என்று வந்தால் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி நோயாளியின் மகனிடம் பேசினேன். “இன்னும் எத்தனை தடவை, மேடம்?” என்றார். அதன்பிறகு அணுக்களை உடையாமல் காக்கும் குழாய்களை நாங்களே மையங்களுக்கு அனுப்பிவைக்கிறோம்.