தனியார் விமானி தியரி வகுப்பு: இரத்மலானை போவதா, அட்டனில் இருந்தே படிப்பதா?

ஏ.எல். முடித்து, தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுக்க நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு முதல் குழப்பம் இதுதான். தியரி வகுப்புக்கு கொழும்பை ஒட்டிய இரத்மலானையில் போர்டிங் எடுத்துத் தங்குவதா, அட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டில் இருந்தே ஒன்லைனில் படிப்பதா?

செலவில் ஒன்லைன்தான் வெல்லும். அட்டனில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போய் வரவே ஒரு நாள் போய்விடும், தங்கினால் வாடகை, சாப்பாடு என்று காசு கரையும். விமானச் சட்டம், எஞ்சின், மனித உடலியல் எல்லாம் வாசித்து மனதில் ஏற்ற வேண்டிய பாடங்கள், வீட்டிலேயே முடித்துவிடலாம். வானிலையும் அப்படித்தான். காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து மேகமாவதை நுவரெலியாப் பிள்ளை ஜன்னலிலேயே பார்க்கிறது.

ஆனால் வழிகாணல் (நேவிகேஷன்) பாடத்துக்கு வகுப்பறைதான் வேண்டும் என்பேன். காற்றழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும்போது காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் அல்டிமீட்டரை 1013இல் வைத்துவிட்டால், அது உண்மை உயரத்தைவிட ஏறக்குறைய 300 அடி கூட்டிக் காட்டும். ஒன்லைனில் விடை சரி என்றால் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். நல்ல ஆசிரியர் வரைபடத்தை விரித்து, "சரி, இப்போது உனக்குக் கீழே எந்த மலை?" என்று கேட்டு நிறுத்துவார். அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1974 டிசம்பர் 4 அன்று கட்டுநாயக்கவில் இறங்க வந்த, நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவன டி.சி.-8 விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள்.

வானொலிப் பேச்சும் அப்படியே. 3ஐ 'ட்ரீ', 9ஐ 'நைனர்' என்று சொல்லி, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதை அதே வேகத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழ் மொழிமூலத்தில் படித்த பிள்ளைக்கு இது எதிரே ஆள் இருந்து பழகினால்தான் வாயில் வரும்.

அதனால் முழுக் காலமும் இரத்மலானையில் தங்கத் தேவையில்லை. இந்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் போய்த் தங்குங்கள். வீட்டில் படித்த நேரத்தை ஏற்பார்களா என்று பயிற்சி நிலையத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், எந்த வகுப்புக்கும் காசு கட்டுமுன் விமானிகளுக்கான இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்பார்வையில் தடை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.