வீட்டு யூரிக் அமில மீட்டர்: சேலம் வெயிலில் நம்பலாமா?

மீட்டர் நல்லதுதான், ரத்தச் சொட்டை வைக்கும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்தான் வில்லங்கம். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சேலத்துச் சித்திரையில் பீரோவுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். ஏற்காட்டில் அந்தக் கவலை குறைவு. ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை இறுக மூடுங்கள், ஈரம் பட்டால் அளவு தப்பும். சோப்பால் கைகழுவி நன்றாக உலர்த்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வையுங்கள். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் தவறும். வைட்டமின் சி மாத்திரையும் சில மீட்டர்களைக் குழப்பும்.

எதற்கு இவ்வளவு கவனம்? ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் மூட்டில் அதன் படிகம் சேரலாம். அது மட்டுமல்ல. மிகையான யூரிக் அமிலம் ரத்தக்குழாயின் உட்சுவரில், குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும். அதனால் குழாய் தளர்வது குறையும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் சிறுநீரக நொதியான ரெனினையும் தூண்டும். உயர் ரத்த அழுத்தத்தோடு இதற்குள்ள தொடர்பு இப்படித்தான் விளக்கப்படுகிறது. ஆனாலும் யூரிக் அமிலத்தைக் குறைத்தாலே பிரஷர் இறங்கும் என்பது பெரியவர்களிடம் உறுதியாகவில்லை. எனவே மீட்டர் எண்ணைப் பார்த்து பிரஷர் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

பிரஷர் மாத்திரைகளில், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை யூரிக் அமிலத்தை ஏற்றும், லோசார்ட்டான் சற்று இறக்கும். டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். மீட்டர் 7-க்கு மேல் காட்டினால் லேபில் கையின் ரத்தக்குழாயிலிருந்து (சிரை) ரத்தம் கொடுத்துச் சரிபாருங்கள்.