ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கியர்பாக்ஸ் டெம்பரேச்சர் மீட்டர் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்து லோடு ஏற்றுபவர்கள், டிரெய்லர் இழுப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் மாட்டச் சொல்லி 15,000 ரூபாய் கொடுத்தேன். அது ஓடாமல் கிடந்திருந்தால் பணம் போச்சு என்று விட்டிருப்பேன். ஆனால் அது ஓடியது, தவறான அளவைக் காட்டிக்கொண்டே ஓடியது. அந்த முள்ளை நம்பி மலை ஏறியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

எங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் தொழில். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள், கொக்கியில் ஜெனரேட்டர் டிரெய்லர். முகூர்த்த நாளில் ஓ.எம்.ஆர். முழுக்க ஊர்ந்துதான் போக வேண்டும். அப்படி ஊரும்போது, இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு அப்படியே சூடாக ஆயிலில் இறங்கும். டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் இன்ஜின் கூலன்ட்டுக்கானது, கியர்பாக்ஸில் நடப்பதை அது காட்டாது. ஆட்டோமேட்டிக் ஆயில் 80, 90 டிகிரியில் ஓடினால் கவலை இல்லை. 120-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஆயில் கெட்டு உள்ளே பிசுக்குப் படியும், இன்னும் ஏறினால் ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும். வண்டியோடு வரும் எச்சரிக்கை விளக்கு எரியும் நேரத்தில் ஆயில் நன்றாக வெந்திருக்கும். அதனால்தான் தனி மீட்டர் தேவைப்பட்டது.

ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை எல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. “கியர்பாக்ஸிலிருந்து ஆயிலை ஆற்றும் கூலருக்குப் போகும் சூடான லைனில்தான் சென்சார் இருக்கணும்” என்று தெளிவாகச் சொன்னேன். “அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார்” என்றார்கள். மாலையில் வண்டி வந்தது. நீல விளக்கோடு மீட்டர் பார்க்க நன்றாகவே இருந்தது. பில் கேட்டேன், “நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுறேன் சார்” என்றார் முதலாளி. இன்றுவரை வரவில்லை.

அன்றிலிருந்து முள் 60-ஐ ஒட்டியே நின்றது. நெரிசலிலும் 60, வெயிலிலும் 60. ஏற்காட்டில் ஒரு கல்யாண வேலை. 20 கொண்டை ஊசி வளைவையும் முழு லோடோடு ஏறி முடித்தபோது வண்டிக்குள் கருகிய ஆயில் வாடை. முள் மட்டும் 65-இல் நின்றது. கடைக்குப் போன் போட்டால், “மீட்டர் ஓடுதுல்ல சார், கம்மியா காட்டினா நல்லதுதானே?” என்று பதில் வந்தது.

சென்னை பாடி ஏரியாவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் ஸ்கேனரை, வண்டி கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டி, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னார். கியர்பாக்ஸுக்குள் கம்பெனி வைத்த சென்சார் 104 காட்டியது. எங்கள் மீட்டரில் 61. “தம்பி, இதைப் பார்த்து ஓட்டினா கியர்பாக்ஸ் போயிடும்” என்று சொல்லிவிட்டு வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினார்.

கீழே பார்த்ததைச் சொல்கிறேன். சென்சார் இருந்தது கூலரில் ஆறித் திரும்பி வரும் லைனில். ரப்பர் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அடாப்டர் சொருகியிருந்தார்கள். இந்த ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி, அதன் உடம்பு வழியாகத்தான் கிடைக்க வேண்டும். ரப்பருக்கு நடுவில் தொங்கினால் எர்த் எங்கிருந்து வரும்? அதற்காக ஹோஸ் கிளிப்பில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையைச் சேஸிஸில் பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல் போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். எர்த் முழுக்க விட்டுப்போயிருந்தால் முள் எழும்பியே இருக்காது, நானும் மறுநாளே போய் நின்றிருப்பேன். இது அரைகுறை எர்த். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், அதை வைத்துத்தான் மீட்டர் டிகிரியைக் காட்டும். எர்த்தில் கூடுதல் தடை சேர்ந்தால் மீட்டருக்கு ஆயில் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் தெரியும்.

மரையும் பொருந்தவில்லை. அமெரிக்க என்.பி.டி. மரைக்கும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பி.எஸ்.பி. மரைக்கும் ஆரம்பச் சுற்றுகளில் வித்தியாசமே தெரியாது. எட்டில் ஒரு இன்ச் அளவில் என்.பி.டி.-க்கு இன்ச்சுக்கு 27 மரை, பி.எஸ்.பி.-க்கு 28. திணித்து ஏற்றிவிட்டு, கசிவை மறைக்க டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார்கள். அந்த டேப் கிழிந்து, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடிக்குள் போனால் கியர் மாறுவதே தகராறாகிவிடும். டேப்பே எர்த்தையும் தடுக்கலாம். மீட்டருக்கான கரண்ட்டோ இக்னிஷன் ஒயரைச் சீவி முறுக்கி எடுத்தது, நடுவில் ஃபியூஸ் கிடையாது. இது தீப்பிடிக்கிற வேலை, இதற்கு மட்டும் எனக்கு மன்னிக்க மனசே வரவில்லை.

அண்ணன் சென்சாரைக் கழற்றி, சரியான எர்த் கொடுத்து, கொதிக்கிற தண்ணீரில் முனையை மட்டும் முக்கிக் காட்டினார். சென்னை கடல் மட்டத்து ஊர், தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். முள் 82-இல் நின்றது. அதாவது எர்த்தைச் சரிசெய்த பிறகும் பொருந்தவில்லை. இது இந்த மீட்டருக்கான சென்சாரே இல்லை, எதிலிருந்தோ எடுத்து மாட்டியது. யாரிடம் மாட்டினாலும் சரி, பணம் கொடுக்கும் முன் இந்தத் தண்ணீர்ச் சோதனையைக் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

ஆயில் அளவையும் கேளுங்கள். பல புது வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) கிடையாது. இன்ஜின் ஓடும்போது, வண்டி கம்பெனி சொன்ன டிகிரியில் ஆயில் இருக்கும்போது, ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும். என் வண்டியில் ஹோஸை வெட்டியபோது கொட்டிய ஆயிலுக்கு ஈடாக அவர்கள் கண்ணளவில் ஏதோ ஊற்றியிருந்தார்கள். அண்ணன் முழு ஆயிலையும் மாற்றினார். இறங்கிய ஆயில் பழுப்பாக, கருகிய வாடையோடு இருந்தது. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றார். அந்த மட்டில் தப்பித்தோம்.

அப்புறம் பில். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. என்னிடம் யு.பி.ஐ. ரசீதும், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலை விவரமும், லிஃப்ட்டில் எடுத்த படங்களும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். அது சமரசத்துக்கான எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புகார் போனதும் முதலாளியே கூப்பிட்டார். “பாதி திருப்பித் தரேன் சார், வாபஸ் வாங்கிடுங்க.” முழுப் பணமும், மாற்றிய ஆயிலுக்கான செலவும் வந்தால்தான் வாபஸ் என்று சொல்லியிருக்கிறேன்.